ஈச்சஞ்சுனையில் தண்ணீர் கேட்டவன்

இது ராத்திரியில் நடந்ததல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரியாக இருந்தால் கண் ஏமாற்றிவிட்டது, நிழல் ஆடியது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். சித்திரை வெயிலில். என் கழுத்தில் பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. என்னோடு மலை ஏறிய மனிதர் உயிரோடு திரும்பி வரவில்லை. நான் கதை கட்டுகிறேன் என்பவர்கள் அவரைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தட்டும். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மலையின் பெயரை எழுதப் போவதில்லை. உசிலம்பட்டி தாண்டி மேற்கே தெரியும் மலைகளில் ஒன்று. இன்னமும் அங்கே ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் பிழைப்பில் நான் மண் அள்ளிப் போட வேண்டாம். சுனையின் பெயரை மட்டும் சொல்கிறேன். ஈச்சஞ்சுனை.

என் பெயர் நாகஜோதி. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இருப்பது மதுரைக்குப் பக்கத்தில் பரவையில். அப்பா மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறார். நான் விலங்கியல் படித்தேன். ஒவ்வொரு கோடையிலும் காட்டுமாடு கணக்கெடுக்கிற ஒப்பந்த வேலைக்குப் போவேன். கோடையில் மலையில் ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். தண்ணீர் மிச்சமிருக்கிற நாலைந்து சுனைகளுக்குத்தான் மாட்டுக் கூட்டங்கள் வந்தாக வேண்டும். சுனைக்குப் பக்கத்தில் மரத்தின் மேல் பரண் கட்டி, வெளிச்சம் வந்ததிலிருந்து வெளிச்சம் போகிறவரை உட்கார்ந்து எண்ணுவோம். காளை எத்தனை, பசு எத்தனை, கன்று எத்தனை, கால் நொண்டுகிறது எது. வீரதீர வேலை எல்லாம் கிடையாது. ஒண்ணுக்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அதில் இருக்கிற பெரிய கஷ்டம்.

ஒரு பரணுக்கு இரண்டு பேர். அந்த வருஷம் எனக்குத் துணை சாய்குமார் அண்ணன். என் கல்லூரித் தோழி இந்துப்ரியாவின் கணவர். சௌராஷ்டிரக் குடும்பம், மதுரை கே.கே. நகரில் சொந்த வீடு, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல் இந்த வேலைக்கு வருவார். காட்டுமாடு என்றால் அப்படி ஒரு பைத்தியம். பெரிய காளை ஒவ்வொன்றுக்கும் தன் ஆபீஸ் மேனேஜர்கள் பெயரை வைத்திருப்பார். "அந்தா வாரான் பாரு பத்மநாபன், பிரீமியம் கட்டலையான்னு கேக்கத்தான் வாரான்" என்று காதில் கிசுகிசுப்பார். சிரிப்பை அடக்க நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொள்வேன்.

அப்போது ப்ரியாவுக்கு ஏழு மாதம். குழந்தை பிறந்துவிட்டால் மலைப்பக்கம் விடமாட்டார்கள், இந்த ஒரு தடவை என்று கெஞ்சித்தான் கிளம்பியிருந்தார். விடியற்காலையில் ஜீப் வந்தபோது ப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

"ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன் ஜோதி. முழுசாக் கொண்டாந்து சேத்துரு."

"போடி. மாட்ட எண்ணத்தான போறோம்" என்றேன்.

உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். அண்ணன் டீயைக் குடித்துவிட்டு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார். ஒரே மூச்சில் முடித்தார். இன்னொன்று வாங்கினார். அதையும் முடித்தார்.

"என்னண்ணே, வீட்ல தண்ணி வரலையா?"

"வெயிலு ஜோதி. இந்த வருஷம் எம்புட்டுக் குடிச்சாலும் பத்தல."

மதுரைக்காரர்கள் எல்லோரும் அந்த மாதத்தில் சொல்வதுதான். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அன்று மாலை மலையில் வனத்துறைக் கொட்டகையில் தங்கினோம். மறுநாள் விடிவதற்கு முன்னால், காவலர் காசிமாயன் எங்களை ஈச்சஞ்சுனைக்குக் கூட்டிப் போனார். வேட்டைக்காரர்களைத் தடுக்கிற காவல் வேலை அவருக்கு. நாற்பது வயதிருக்கும். நீர்மருது மரத்தில் தரையிலிருந்து இருபதடி உயரத்தில் பரண். நாங்கள் நூலேணியில் ஏறியதும், தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்.

"அஞ்சு லிட்டர் இருக்கு. ரெண்டு பேருக்குத் தாராளம். நான் மேப்பக்கத்துப் பரணுக்குப் போயிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வாரேன். அதுவரைக்கும் இறங்கிராதீக. சுனைக்கு யானையும் வரும்."

கேனைத் தவிர ஆளுக்கொரு பாட்டில். என் பாட்டில் சீல் உடைக்காதது. நூலேணியை மேலே இழுத்துச் சுருட்டி வைத்தோம்.

சுனை பெரியதில்லை. ஒரு வீட்டு மாடி அகலம் இருக்கும். எங்கள் பக்கம் சேறு. சேறு முழுக்கக் குளம்புத் தடம். எதிர்ப்பக்கம் மூன்று ஆள் உயரத்துக்குச் செங்குத்தான பாறை. பாறையின் அடியில் ஓர் ஆள் குந்த மட்டும் இடம். அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வர வழியே கிடையாது.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மயில் வந்தது. இரண்டு மிளா மான்கள் வந்தன. ஒன்பது மணிக்கு முதல் மாட்டுக் கூட்டம், பதினோரு உருப்படி. அண்ணன் பெயர் வைத்துக்கொண்டே எண்ணினார். நடுநடுவே குடித்துக்கொண்டே இருந்தார். பதினொன்றரைக்குள் அவர் பாட்டிலும் கால்வாசிக் கேனும் காலி.

பிறகு உச்சிப்பொழுது.

காட்டில் அந்த நேரம் அமைதியாகத்தான் இருக்கும். பறவைகள் அடங்கிவிடும். ஆனால் சில்வண்டு நிற்காது. வெயில் ஏற ஏற அதன் சத்தமும் ஏறும்.

அன்று நின்றது. ஸ்விட்சை அணைத்த மாதிரி.

பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். 12.10.

"ஜோதி…" அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். "அந்தக் கரையில ஆளு."

பாறையின் அடியில் ஒருவன் குந்தியிருந்தான். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. கட்டம் போட்ட லுங்கி. சட்டை இல்லை. தலையில் வெள்ளைத் துண்டு. முதுகெலும்பு ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரித் தெரிந்தது.

தேன் எடுக்க, கிழங்கு தோண்ட ஆட்கள் வருவது உண்டு. ஆனால் அவன் எப்படி வந்தான்? எங்கள் பக்கத்துச் சேற்றைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கண்ணை எடுக்காமல் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்…

அப்போது இரண்டாவது கூட்டம் வந்தது. ஏழு மாடுகள், ஒரு கன்று. காட்டுமாட்டுக்கு மோப்பம் அதிகம். மனித வாடை பட்டால் அந்த இடத்திலேயே திரும்பி ஓடும். காற்று அவன் பக்கமிருந்து நேராக மாடுகளின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மாடுகூடத் தலையைத் தூக்கவில்லை.

கன்று தண்ணீருக்குள் இறங்கி அவனுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றது. குடித்தது. திரும்பி வந்தது. அங்கே ஆள் இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

"அவன் என்ன பண்றான் பாரு" என்றார் அண்ணன்.

பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினான். வாய்க்குக் கொண்டுபோனான். கையில் ஒன்றுமில்லை. மறுபடி அள்ளினான். கைகள் தண்ணீருக்குள் முழுக்கப் போயின. வெளியே வந்தபோது காய்ந்த கைகள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மறுபடி அள்ளினான். மறுபடி… அவசரமே இல்லாமல், ரொம்ப நாள் பழக்கம் மாதிரி.

மாடுகள் போன பிறகு அவன் திரும்பினான்.

முகத்தில் கோரம் எதுவும் இல்லை. பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற பத்துப் பேருக்கு இருக்கக்கூடிய முகம். உதடு மட்டும் கோடைக் கண்மாய் மாதிரிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"தாயி… ஒரு வாய் தண்ணி குடு."

அவன் இருந்தது அந்தக் கரையில். குரல் கேட்டது என் காதுக்குள்.

"எங்காளு போலிருக்கு ஜோதி" என்றார் அண்ணன். "எங்க சௌராஷ்டிர பாஷையில கேக்குறான்."

"என்னண்ணே சொல்றீங்க? எங்க உசிலம்பட்டிப் பேச்சுல்ல பேசுறான்?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பைனாகுலரைத் தூக்கினேன். அவன் உதடுகள் அசையவில்லை.

அண்ணன் என் பாட்டிலை எடுத்துக் கேன் கட்டிய கயிற்றில் முடிந்தார்.

"வேணாம்ணே. சுனை அவன் காலடியிலதான இருக்கு?"

"தண்ணின்னு கேட்டா இல்லைங்கக் கூடாது ஜோதி. பாவம்."

முடிச்சுப் போட அவர் குனிந்தார். நானும் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது கரையில் ஆள் இல்லை. மரத்தடியில் நின்றிருந்தான். துண்டின் மேல்பக்கம்தான் தெரிந்தது. சுனையைச் சுற்றி வர ஐந்து நிமிஷமாவது ஆகும்.

பாட்டில் கீழே போனது. கயிற்றில் ஒரு இழுப்பு. அண்ணன் தூக்கினார்.

பாட்டில் காலி.

மூடி திறக்கப்படவில்லை. சீல் வளையம் அப்படியே இருந்தது. உள்ளே ஈரம்கூட இல்லை.

எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் யாரும் இல்லை. புழுதியில் காலையில் நாங்கள் மூன்று பேர் வைத்த தடங்கள் மட்டும்.

12.35.

அண்ணன் காலிப் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு அண்ணன் சொன்னார்.

"தாகமா இருக்கு ஜோதி."

கேனைத் தூக்கிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நிறுத்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி குடித்தார். நான் கையைப் பிடித்தேன். "போதும்ணே. சாயங்காலம் வரைக்கும் வேணும்." அவர் என் கையைத் தட்டிவிட்டார். கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கேனை உதறிப் பார்த்தார்.

"இன்னும் தாகமா இருக்கு."

அவர் உதட்டில் ஒரு வெடிப்பு. ஒரு மணி நேரத்துக்கு முன் அது இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கீறியது. கன்னம் உள்ளே போயிருந்தது. அவர் கையைக் கிள்ளிப் பார்த்தேன். தோல் கிள்ளிய இடத்தில் மடிப்பாகவே நின்றது.

வாக்கிடாக்கியை எடுத்தேன். மூன்று தடவை கரகரத்தது. நான்காவது தடவை காசிமாயன் கிடைத்தார்.

"அண்ணே, சாய் அண்ணனுக்கு உடம்பு முடியல. உடனே வாங்க."

"வெயிலு அடிச்சிருக்கும். தண்ணி குடு தாயி. நான் எறங்கி வாரேன். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"தண்ணி தீந்துபோச்சுண்ணே."

கரகரப்பு. பிறகு, "அஞ்சு லிட்டருமா?"

நான் காலிக் கேனைப் பார்த்தேன்.

அண்ணன் சுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு தடித்து, பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. "அம்புட்டுத் தண்ணி கெடக்கு ஜோதி… இந்தா… குடிச்சிட்டு வாரேன்…" நூலேணியை உதைத்துக் கீழே தள்ளினார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். ஒரு மாட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசுகிற மனுஷன், என் மணிக்கட்டைக் கடித்தார். ரத்தம் வந்தது. தழும்பு இப்போதும் இருக்கிறது.

இறங்கிவிட்டார்.

நானும் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். யானை வந்தால் வரட்டும்.

சேற்றில் மண்டியிட்டுக் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார்.

கையில் ஒன்றுமில்லை.

மறுபடி அள்ளினார்.

"நிக்க மாட்டேங்குது ஜோதி…"

முகத்தையே தண்ணீருக்குள் விட்டார். எடுத்தபோது முடிகூட நனைந்திருக்கவில்லை. அழுதார். கண்ணில் ஈரமே வரவில்லை.

நான் கையை விட்டு அள்ளினேன். என் கையில் தண்ணீர் நின்றது. குளிர்ந்த, நல்ல தண்ணீர். அவர் வாயில் ஊற்றினேன். மடக்கென்று விழுங்கினார். கேனை முக்கி நிரப்பினேன். அவர் தலையை என் மடியில் வைத்து ஊற்றினேன். மடக்… மடக்… மடக்… தொண்டை ஏறி இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. ஒரு கேன் முழுதும் குடித்தார்.

"இன்னும்."

நிரப்பினேன். ஊற்றினேன்.

"இன்னும்."

மூன்றாவது தடவை கேனை முக்கும்போது நிமிர்ந்தேன்.

எதிர்க்கரையில் அவன் குந்தியிருந்தான்.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

உதட்டில் வெடிப்பு இல்லை.

கேன் என் கையிலிருந்து நழுவியது. கல்லை எடுத்து வீசினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவன் கோபப்படவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் பேசுகிற அதே கனிவோடு, என் காதுக்குள் சொன்னான்.

"குடு தாயி… நல்லாருப்ப. இன்னுங் குடு."

ஊற்றினால் அவன் குடிப்பான். தெரிந்துவிட்டது.

நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதும் அண்ணன் என் காலைப் பிடித்தார். விரல்கள் சுள்ளி மாதிரி இருந்தன. "ஜோதி… தண்ணி குடு ஜோதி… ப்ரியாகிட்டச் சொல்லிருவேன்… தண்ணி குடுக்க மாட்டேங்குறான்னு சொல்லிருவேன்…" சின்னப் பிள்ளை மாதிரி. விடாமல். குரல் தேய்ந்து, வெறும் காற்றாகி, அந்தக் காற்றும் தண்ணி தண்ணி என்றது.

எவ்வளவு நேரம் தாங்க முடியும்?

ஊற்றினேன்.

எதிர்க்கரையில் தொண்டை அசைந்தது.

ஊற்றினேன்…

ஊற்றினேன்…

2.45.

ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை. அண்ணன் வாயிலேயே நின்றது. வாய் நிறைய, தளும்பாமல், மேலே மருதமரத்து இலைகள் அதில் தெரிய…

சில்வண்டு கத்த ஆரம்பித்தது.

எதிர்க்கரையில் யாரும் இல்லை.

காசிமாயன் வந்தபோது நான் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தேனாம். அண்ணனைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டார். "காலையில விட்டுட்டுப் போனப்ப இப்படியா இருந்தாரு…" என்று மட்டும் தனக்குள் சொன்னார். நல்ல கனத்த உடம்பு சாய் அண்ணனுக்கு. மலை ஏறும்போது தொந்தியைத் தட்டிக்காட்டிச் சிரித்தவர். அவரைக் காசிமாயன் ஒற்றை ஆளாக, விறகுக் கட்டைத் தூக்குவது மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பெரிய வயசில்லை. என் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தார்.

"எத்தன நாளு காட்டுல வழி தப்பி அலைஞ்சீங்க?"

"வழி தப்பல சார். முந்தின நாளுதான் மலையேறினோம். அன்னிக்குக் காலையில நல்லாத்தான் இருந்தாரு."

"பொய் சொல்லாதம்மா. நாலு அஞ்சு நாளா அவர் வயித்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகல. கொடலு காஞ்சு ஒட்டிப்போய்க் கெடக்கு. வாயில மட்டும் தண்ணி ஈரம் இருந்துச்சு. அது செத்ததுக்கப்புறம் யாரோ ஊத்தினது." கொஞ்சம் நிறுத்தினார். "கூட இருந்த ஒனக்கு எப்படி ஒண்ணும் ஆகல?"

போலீசும் அதையேதான் கேட்டது. இரண்டு வாரம் தினமும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கடையை மூடிவிட்டு வாசலில் நின்றார். காசிமாயன் வந்து, அன்றைக்கு விடியக்காலையில் அந்த மனுஷனைத் திடமாகப் பார்த்தேன், என் கையால்தான் தண்ணீர்க் கேனை அனுப்பினேன் என்று சொன்ன பிறகுதான் என்னை விட்டார்கள். வெயில் தாக்கிச் சாவு என்று எழுதி முடித்தார்கள்.

ப்ரியா எழுதி முடிக்கவில்லை. மார்ச்சுவரி வாசலில் அத்தனை பேர் முன்னால் என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அஞ்சு லிட்டரும் நீயே குடிச்சியாடி?"

அவள் வயிறு என் மேல் இடித்தது. உள்ளே குழந்தை அசைந்ததை நான் உணர்ந்தேன். என்ன சொல்லுவது? நடந்ததைச் சொன்னால் அதைவிடக் கேவலம். தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததை ஒப்புக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. குழந்தை பிறந்தது, பையன் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. சாய் அண்ணனின் அம்மா, லலிதாம்பாள்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போ ஜோதி. பேசணும்."

கே.கே. நகர் வீட்டு ஹாலில் அண்ணன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ப்ரியா உள்ளே குழந்தையோடு இருந்தாள். நான் வந்தது தெரிந்தும் வெளியே வரவில்லை. லலிதாம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ப்ரியா இன்னும் ஒன்னத்தான் ஏசுறா. நான் ஏசல. ஒன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சொல்லுங்கம்மா."

"நீங்க மலைக்குப் போறதுக்கு நாலு நாளு முந்தி. நல்ல வெயிலு. சாய் சாப்பிட வந்திருந்தான். கேட்டுல ஒருத்தன் வந்து நின்னு தண்ணி கேட்டான். லுங்கி கட்டியிருந்தான். சட்டை இல்ல. தலையில துண்டு."

என் கை தானாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"எம்மவன்தான் சொம்புல மோந்துக்கிட்டுப் போனான். நான் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஆளு கையில வாங்கல. வாயைக் காட்டினான். சாய்தான் ஊத்தினான். ஒரு சொம்பு முழுசாக் குடிச்சான். அன்னையில இருந்துதான் எம்மவனுக்குத் தாகம். ராத்திரியெல்லாம் எந்திரிச்சுக் குடிப்பான். நான் கொடத்துல வைக்கிறேன், வைக்கிறேன், காலியாகுது. ஆனா அந்த நாலு நாளும் அவன் ஒண்ணுக்குப் போயி நான் பாக்கல ஜோதி. பெத்தவளுக்கு இதெல்லாம் கண்ணுல படும். வெயிலுக்கு வேர்வையாப் போகுதுன்னு இருந்துட்டேன்."

உள்ளேயிருந்து ப்ரியா கூப்பிட்டாள். லலிதாம்மா எழுந்து, சமையலறைக்குப் போய், சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குடிச்சு முடிச்சிட்டு அந்த ஆளு ஒண்ணு கேட்டான். இந்த வீட்ல எத்தன பேருன்னு கேட்டான். எம்மவன் வெள்ளந்தி. சிரிச்சுக்கிட்டே சொல்றான், 'மூணு பேரு. இன்னொண்ணு வந்துக்கிட்டு இருக்கு. நாலுன்னு வச்சுக்கங்க'ன்னு. அவன் வீட்ட ஒரு தடவ ஏற எறங்கப் பாத்தான். 'போதும்'னான். போயிட்டான்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? தண்ணி போதும்கிறான்னு நெனச்சேன்."

உள்ளேயிருந்து ப்ரியா மறுபடி கூப்பிட்டாள்.

லலிதாம்மா எழுந்தார். இந்தத் தடவை சொம்பை வைத்துவிட்டுக் குடத்தையே இடுப்பில் தூக்கிக்கொண்டார். உள்ளறை வாசலில் ஒரு நொடி நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"பால் குடுக்குற உடம்பு" என்றார். "தாகம் எடுக்கத்தான செய்யும்."